சக்கைக்குட்டனைப் பூட்டியது யார்?

அத்தியாயம் ஏழு

திருடன் என்று உறுதியாக நம்பி ஒருவனைப் பிடிக்கப் போன இடத்தில், அவனே எழுந்து நின்று வரவேற்று, சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் துப்பறிகிறவர்களின் கண்ணியம் என்னாவது என்பதைப் பற்றி எந்தச் சாத்திரமும் வாய் திறக்கவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்து மென்பொருள் வளாகத்தின் வாசலுக்கு எதிரே இருந்த சாயாக் கடையில், பாதி கடித்த பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு பிரிஸில்லா இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதலாளியும், தம்பானூரில் ஒரு பேக்கரியின் மாடியில் அலுவலகம் நடத்தும் தனியார் துப்பறிவாளருமான பகவதிப்பெருமாளுக்கு அத்தகைய தத்தளிப்பு ஏதும் இல்லை. அவர் அடுத்த தட்டுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நாம இவனைப் பிடிக்க வந்தோமா, விருந்துக்கு வந்தோமா?" என்று பிரிஸில்லா அவர் காதருகே கேட்டாள்.

"வெறும் வயிற்றில் செய்கிற குற்றச்சாட்டு நிலைக்காது, பிரிஸி."

எதிரே உட்கார்ந்திருந்த அனூப், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, கண்கள் கலங்க, "சேச்சி, சத்தியமாயிட்டும் நான் ஒண்ணும் செய்யல்ல" என்றான். அவன் நெய்யாற்றின்கரைப் பையன். பக்கத்துப் பாறசாலைக்காரியான பிரிஸில்லாவுக்கு அந்தப் பேச்சிலேயே பாதி சந்தேகம் கரைந்துவிட்டது. ஊர்ப் பாசம் துப்பறியும் தொழிலுக்குப் பரம விரோதி.

வழக்கு அன்று காலையில்தான் வந்திருந்தது. கரமனை அக்ரஹாரத்தில், தன் வீட்டு மாடியிலேயே கார்ட்டூன் படக்கூடம் நடத்திவரும் சுமந்த் என்னும் இளைஞன், முகம் வெளிறி அவர்கள் அலுவலகப் படியேறி வந்தான். அவன் உருவாக்கிய நாயகன் பெயர் சக்கைக்குட்டன். திருவனந்தபுரத்தில் பலாப்பழத்துக்குச் சக்கை என்று பெயர். குட்டன், அந்தச் சக்கைக்குக் கை கால் முளைத்து, அநீதியைக் கண்டால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாயும் வீரச் சிறுவன். தொடரின் கடைசிப் பகுதி செவ்வாய்க்கிழமையான இன்று மாலை நான்கு மணிக்குள் டில்லியிலுள்ள சானல் தலைமையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் இரண்டாம் சீசன். சேராவிட்டால் அந்த நேரம் கொச்சியில் தயாராகும் ஒரு கப்பைக்கிழங்கு நாயகனுக்குப் போய்விடும். கிழங்குக்கு முன்னால் தோற்பதைச் சுமந்தால் தாங்க முடியாது. கழக்கூட்டத்து வேலையை விட்டுவிட்டு அவன் இந்தச் சக்கையை நம்பித்தான் இறங்கியிருந்தான்.

மீதமிருந்த வேலையும் அற்பமானது. கடைசிக் காட்சியில் வில்லனான வெட்டுக்கத்தி அம்மாவன் என்னும் தாய்மாமனின் மீசை, குட்டனின் பிசினில் ஒட்டிப் பிய்ந்துபோகிறது. குழந்தைகள் சானலில் மீசைக்கு நிரந்தரச் சேதம் கூடாது. முடிவில் அது மீண்டும் முளைக்க வேண்டும் என்று டில்லியிலிருந்து நேற்று மாலை ஆணை வந்தது. ஒரு மீசை வரைந்தால் படம் முடிந்தது. ஆனால் படத்தின் கோப்பு படக்கூடத்துக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சர்வர் பெட்டியில் இருந்தது. அதைத் திறந்தால், இக்கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் பார்க்கலாம், எழுத முடியாது என்று பெட்டி பணிவோடு மறுத்தது. நகல் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணும் வாயும் மூலக்கோப்போடுதான் பிணைக்கப்பட்டிருந்தன போலும். நகலில் குட்டன் முகமே இல்லாத மொட்டைச் சக்கையாக வந்து நின்றான்.

பூட்டியவர் யார் என்பதையும் பெட்டி மறைக்கவில்லை. பூட்டிய கணினியின் பெயர்: அனூப்.

சுமந்தின் படக்கூடத்தில் வேலை பார்த்து, சென்ற மாதம் சண்டை போட்டுக்கொண்டு கழக்கூட்டத்துக்கு வந்துவிட்டவன் பெயரும் அனூப். இதற்குமேல் துப்பு வேண்டுமா என்று எண்ணித்தான் பிரிஸில்லா ஸ்கூட்டரை முடுக்கினாள்.

"உன் பேரு போட்ட கம்ப்யூட்டராக்கும் பூட்டியிருக்கு. அதுக்கு என்ன சொல்லுத?" என்றாள் இப்போது.

"அது படக்கூடத்து லேப்டாப் சேச்சி. நான் உபயோகிச்சுட்டிருந்தேன், அதனால என் பேரு. வேலை விட்ட அன்னிக்கு சுமந்த் எங்கிட்ட முகம் கொடுக்கல்ல. அவன் அம்மா சாவித்ரி மாமி கையில லேப்டாப்பும் சார்ஜரும் கொடுத்துட்டு, மாமி தந்த அடப்பிரதமனும் குடிச்சுட்டுத்தான் இறங்கினேன்."

பகவதிப்பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டார். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தூசு தட்டி வைக்க வேண்டும் என்பதுதான். ஆனால் பூட்டு, சாவி, பொய் ஆகிய மூன்றிலும் அவர் கரைகண்டவர்.

"தம்பி, காலையில் சுமந்த் அந்தப் பெட்டியையே அணைத்துவிட்டு மறுபடி போட்டானாம். அப்படியும் பூட்டு திரும்ப வந்துவிட்டதாம். அது எப்படி?"

"அந்தப் பெட்டி பழைய காவல்காரன் மாதிரி சார். சாவி வாங்கினவன் திருப்பிக் கொடுக்கிற வரை அடுத்தவனுக்குக் கொடுக்காது. நடுவில உறங்கிப்போய் முழிச்சா, சாவி யாருக்குக் கொடுத்தோம்னு ஒரு சம்சயம் வரும். அப்போ சத்தமாக் கூப்பிட்டுக் கேக்கும்: 'முன்னே சாவி வெச்சிருந்தவங்க உண்டா?' கொஞ்சம் காத்திருக்கும். 'உண்டு'ன்னு பதில் வந்தா அவனுக்கே திரும்பப் பூட்டு. பதிலே வரல்லன்னா பூட்டு போச்சு."

"ஆக, பதில் வந்திருக்கிறது." துப்பறிவாளரின் இமைகள் மெல்லத் தாழ்ந்தன. அது அவர் சிந்திக்கிறார் என்பதற்கோ உறங்கப்போகிறார் என்பதற்கோ அடையாளம். இரண்டையும் பிரித்தறியப் பிரிஸில்லாவுக்கே ஓராண்டு பிடித்திருந்தது. "செத்த கணினி 'உண்டு' என்று சொல்லாது. அந்தப் பெட்டியின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும், தம்பி?"

"வீட்டு வைஃபை எட்டுற தூரம்தான். வெளியிலிருந்து யாரும் அதுகிட்டப் பேச முடியாது. நான்தான் அப்படி வெச்சேன்."

"அப்போ ஒண்ணு செய்யலாமே" என்று பிரிஸில்லா துள்ளினாள். "வைஃபையை அணைச்சுட்டுப் பெட்டியை எழுப்பினா, 'உண்டு'ன்னு சொல்ல ஆளே இருக்காதுல்லா? பூட்டு தானா போயிருமே!"

அனூப் சாயா கிளாஸைக் கவிழ்த்தான். "அய்யோ சேச்சி, கொல்லாதீங்க! அந்த லேப்டாப்பு இன்னும் சாவி என் கையிலன்னு நினைச்சுட்டிருக்கும். சுமந்தும் அப்படியே நினைப்பான். ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல எழுதினா படம் அவியலாயிரும். குட்டன் தலை அம்மாவன் உடம்பில வந்து நிக்கும். பூட்டினவன் கையால திறக்கணும், அதாக்கும் நல்லது."

தன்னைத் துரத்திவிட்டவனின் படம் அவியலாகக் கூடாது என்று இப்படிப் பதறுகிறவனைத் திருடன் என்று சொல்லப் பிரிஸில்லாவுக்கு அதற்குமேல் நா எழவில்லை. பழம்பொரிக்கு நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டருக்கு நடந்தாள்.

பைபாஸ் சாலையில் லாரிகளுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் நடுவே ஸ்கூட்டர் நெளிந்து சென்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பகவதிப்பெருமாளின் தலைக்கு எந்த ஹெல்மெட்டும் முழுதாக இறங்குவதில்லை. உச்சியில் கிரீடம்போல் அமர்ந்திருந்த ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் சிந்தனையை உரக்க நடத்தினார்.

"கணினி உயிரோடு இருக்கிறது. கரமனையில் இருக்கிறது. யாரோ அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறார்கள்."

"கரண்டுன்னு சொல்லுங்க சார்."

"அதைத்தான் சொன்னேன். திருடியவன் ஒளித்து வைப்பான், அணைத்து வைப்பான். இவன் ஏன் விழித்திருக்க வைக்கிறான்? பிரிஸி, முன்னால் லாரி!"

"அது அப்பவே போயாச்சு. கண்ணைத் திறந்துட்டுச் சிந்தியுங்க."

கரமனையை அடைந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஒன்றின் சுவரை ஒன்று பகிர்ந்துகொண்டு, மழைக்காகத் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்களைப்போல் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவின் வீடுகளில் நடுவிலிருந்தது சுமந்தின் வீடு. மாடியில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் மீசையில்லாத அம்மாவன் பரிதாபமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சேளா சார் அவனை?"

"அவன் நிரபராதி. மேலும் மிக நல்ல பழம்பொரி வாங்கித் தருகிறவன்" என்றார் பகவதிப்பெருமாள். "அவன் திருப்பிக் கொடுத்த லேப்டாப் எங்கே?"

சுமந்த் விழித்தான். "திருப்பிக் கொடுத்தானா? எங்கிட்ட யாரும் சொல்லலியே. அம்மா எதாவது வாங்கி வெச்சாக் கீழே கூடத்து அலமாரியிலதான் வெப்பா."

கூடத்து அலமாரியின் மேல்தட்டில் பழைய மின்விசிறி, உடைந்த தம்புரா, குடைக்கம்பிகள் ஆகியவற்றின்மீது மெல்லிய தூசு படிந்திருந்தது. நடுவில் மட்டும், ஒரு லேப்டாப் அளவுக்கு, தூசியே இல்லாத நீள்சதுரம். பிரிஸில்லா நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தாள்.

"சாதனம் போயிருக்கு சார். சார்ஜரும் போயிருக்கு. திருடன் ரொம்பப் பொறுப்புள்ளவன்."

"வேறு ஏதாவது?"

"இங்கே சிவப்பா என்னவோ சிந்தியிருக்கு. ரத்தம்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா குங்குமமாக்கும். பக்கத்தில ஒரு துளசி இலை."

பகவதிப்பெருமாள் அந்த இலையை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "பிரிஸி, என் தொழிலில் பலவகைத் திருடர்களைக் கண்டிருக்கிறேன். பூட்டை உடைக்கும் முன் செருப்பைக் கழற்றி வைத்தவனையும் கண்டிருக்கிறேன். ஆனால் எடுக்கப்போகும் பொருளுக்கே குங்குமம் வைத்து, துளசி சாற்றி எடுத்துக்கொண்டு போனவனை இதுவரை கண்டதில்லை. இது திருட்டே அல்ல. இது ஏதோ ஒரு பூஜை."

"அம்மா எங்கே?" என்று பிரிஸில்லா சுமந்திடம் திரும்பினாள்.

"கோயிலுக்குப் போறேன்னுட்டுப் போனா. அவளுக்கு இது ஒண்ணுமே தெரியாது அக்கா. பிபி இருக்கு. ஃபைல் பூட்டிப்போச்சுன்னு தெரிஞ்சா அவ படுத்துண்டுடுவா, நான் சொல்லவே இல்லை."

"போன் போடு."

சுமந்த் போட்டான். மணி அடித்தது. அடித்த மணி காதில் மட்டும் கேட்கவில்லை, சுவரிலிருந்தும் கேட்டது. "சக்கச் சக்கச் சக்கக்குட்டன், சண்டைக்கு வந்தா முள்ளுக் குட்டன்" என்று மழலைக்குரல் பாட்டு ஒன்று, பக்கத்து வீட்டோடு பகிர்ந்த அந்தத் தடித்த சுவரைத் தாண்டித் தேன்போல் கசிந்து வந்தது.

சுமந்தின் முகம் அம்மாவனின் முகத்தைவிடப் பரிதாபமாயிற்று. "அது அம்மாவோட ரிங்டோன். ஆனா அது சேஷன் மாமா ஆத்துலேர்ந்துன்னா வரது!"

சேஷன், ஓய்வுபெற்ற அரசு அலுவலர், அந்தத் தெருவில் சக்கைக்குட்டனின் ஒரே பரம எதிரி. சென்ற ஆண்டு குரல்பதிவின்போது மாடியிலிருந்து எழுந்த "முள்ளு குத்துதே!" என்ற அலறல் அவருடைய சந்தியாவந்தனத்தைக் கலைத்ததாகத் தெருச் சங்கத்தில் புகார் கொடுத்திருந்தார். அன்றுமுதல் சுமந்த் அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை.

"காரணம் கிடைச்சாச்சு, ஆளும் கிடைச்சாச்சு" என்று பிரிஸில்லா துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "எதிரி வீட்டிலே லேப்டாப்பு! சார், இப்பமாவது நான் கோபப்படலாமா?"

"படலாம். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படு."

சுமந்த் தெருவிலேயே நின்றுகொண்டான். கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ ஒரு சத்தம் அவசர அவசரமாக நின்றது. பஞ்சகச்சம் கட்டிய மெலிந்த மனிதர் கதவைப் பாதி திறந்து, மீதியைத் தம் உடம்பால் அடைத்துக்கொண்டார்.

"யாராக்கும்? என்ன வேணும்? உள்ளே பூஜை நடக்கறது. இப்போ யாரும் வரப்படாது."

"ஒரு லேப்டாப்பைத் தேடி வந்தோம்" என்றார் பகவதிப்பெருமாள்.

"லேப்டாப்பா? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் ஓய்? அந்தக் கண்றாவிக் கார்ட்டூனோட பேரே இந்த ஆத்துல யாரும் எடுக்கப்படாது!"

அந்தக் கணத்தில், பூஜை நடந்துகொண்டிருந்த அறையிலிருந்து, வெட்டுக்கத்தி அம்மாவனின் குரல் கணீரென்று ஒலித்தது: "அய்யோ! என்டே மீசே!"

சேஷனின் காதுமடல்கள் சிவந்தன. பிரிஸில்லா இனிமையாகச் சிரித்தாள். "பூஜைல இந்த மந்திரம் எந்த வேதத்தில வருது மாமா?"

அவர் விலகி வழிவிட்டார்.

பூஜையறையில் அவர்கள் கண்ட காட்சியைப் பிரிஸில்லா ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். கோலமிட்ட பலகை. பலகைமேல் திறந்து வைத்த லேப்டாப். அதன் நெற்றியில் குங்குமம், இரு ஓரங்களிலும் எலுமிச்சம்பழம், மேலே ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் குத்துவிளக்குக்குத் துணையாகச் சார்ஜரின் சிறு பச்சை விளக்கு. திரையில் சக்கைக்குட்டனின் கடைசிப் பகுதி. எதிரே, கையில் புதுப் பூவோடு, சாவித்ரி மாமி.

"நீங்க யாராக்கும்? சுமந்துக்குத் தெரியுமோ?" என்று மாமி முதலில் பதறினாள், பிறகு பிரிஸில்லாவின் முகத்தைப் பார்த்து, "தெரியப்படாதுன்னுதானே இங்கே கொண்டு வந்தேன்" என்றாள்.

"மாமி, இது என்ன?"

"பரஸ்தானம்."

பகவதிப்பெருமாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது, பாறசாலைத் திருச்சபையில் வளர்ந்த பிரிஸில்லாவுக்குப் புரியவில்லை. அவளுக்காக அவர் விளக்கினார். "பிரயாண நாள் நல்ல நாளாக அமையவில்லை என்று வை. அதற்கு முன்னே வருகிற நல்ல நேரத்தில், கொண்டுபோக வேண்டிய மூட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். மூட்டை நல்ல நேரத்தில் புறப்பட்டால் பிரயாணமே நல்ல நேரத்தில் புறப்பட்ட கணக்கு. அப்புறம் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் போகலாம். ஆனால் வைத்த மூட்டை திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. அங்கிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்."

"யாருக்குப் பிரயாணம்?"

"படத்துக்கு!" என்றாள் மாமி, இதுகூடத் தெரியாதா என்ற வியப்போடு. "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். டில்லி வடக்குத்தானே?"

"மாமி, ஃபைல் ஆகாசத்துலல்லா போவுது?"

"ஆகாசத்துலயும் வடக்கு வடக்குத்தான் குழந்தே. அதான் நேத்திக்கு நல்ல நேரம் பார்த்து, அனூப் தந்த பொட்டியைத் திறந்தேன். படம் பாக்கறதுக்கு அவன்தான் சொல்லித் தந்திருந்தான், இந்தச் சக்கைப் பொம்மையை ரெண்டு தட்டுத் தட்டணும்னு. நிஜச் சக்கையைப் பழுத்துதான்னு தட்டிப் பாக்கறாப்பல. தட்டினேன், படம் திறந்துது. திறந்த படத்தோட அப்படியே தூக்கிண்டு வந்து இங்கே வெச்சுட்டேன். படம் புறப்பட்டாச்சு."

"புறப்பட்டது. கூடவே பூட்டிக்கொண்டும் விட்டது" என்றார் பகவதிப்பெருமாள்.

பிரிஸில்லா சேஷனைப் பார்த்தாள். "நீங்க ஏன் மாமா இதுக்குக் காவல்?"

சேஷன் தொண்டையைச் செருமினார். "சாவித்ரி வந்து, விளக்கு மாதிரி இதுவும் அணையப்படாதுன்னா. பரஸ்தானத்துக்கு இடமில்லைன்னு எந்த வாயால சொல்றது? சுமந்தோட கோபம் வேறே, பிரயாணம் வேறே. செத்த நேரம் பேசாம இருந்தா திரை இருண்டுடறது. ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கினாத் திரும்ப வெளிச்சம். நான் இந்த நீளப் பொத்தானை அமுக்குவேன்."

"அது படத்தை ஓட்டுற பொத்தானாக்கும்."

"அது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது." குரல் தாழ்ந்தது. "அந்தக் குட்டன் பய, கிணத்துல விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கற எடம் இருக்கே... வெறுதே சொல்லப்படாது. நன்னா எடுத்திருக்கான்."

தெருவிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சுமந்த் வாசற்படிவரை வந்துவிட்டிருந்தான். படியை மட்டும் தாண்டவில்லை.

"அம்மா! ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லப்படாதா? காலையிலேர்ந்து உயிர் போறது. அனூப்பைத் திருடன்னு வேறே சொல்லிட்டேன்!"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? சர்வர் பொட்டிமேல விபூதி வெச்சதுக்கே தெரு கேக்கக் கத்தினே. நீ மட்டும் பூட்டிப்போச்சுன்னு எங்கிட்டச் சொன்னியோ?"

இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக மௌனமாக இருந்து, நடுவில் ஒரு சக்கையைச் சிறைவைத்திருந்தார்கள். மணி மூன்றை நெருங்கியது.

"சரி, மூடிடுவோம்" என்று பிரிஸில்லா கையை நீட்டினாள். "மூடினா பூட்டு போயிரும். மேலே போய் மீசையை வரைஞ்சுரலாம்."

"தொடாதே!" சாவித்ரி மாமி பலகைக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றாள். "மூடினாப் பிரயாணம் முறிஞ்சுடும். அதுவும் மறுபடி ஆத்துக்குள்ளேர்ந்து கிளம்பறதாவது! அந்தக் கிழங்குக்குத்தான் யோகம்."

"அம்மா, இது பைத்தியக்காரத்தனம்" என்றான் சுமந்த்.

"ஒரு நிமிடம்." பகவதிப்பெருமாள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார், அவருடைய பெரிய உடம்பு அந்தச் சிறிய அறையின் காற்றில் பாதியை வெளியேற்றியது. "பிரிஸி, பூட்டு யாரைத் தடுக்கிறது?"

"மத்த எல்லாரையும்."

"பூட்டியவரை?"

பிரிஸில்லா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அத்தனை பேரும் பூட்டை எப்படி உடைப்பது, எப்படி ஏமாற்றுவது, எப்படிக் கெஞ்சுவது என்றே அலைந்தார்கள். பூட்டியவன் கையில் சாவி இருக்கிறது. சாவி இருப்பவன் எழுதலாம். இந்த லேப்டாப்பிலேயே அனூப் பயன்படுத்திய வரையும் மென்பொருள் இருக்கிறது. மீசையை இங்கேயே வரையலாம். வரைந்து, இங்கிருந்தே டில்லிக்கு அனுப்பலாம்.

"சாஸ்திரமும் அதைத்தான் சொல்கிறது" என்றார் துப்பறிவாளர். "மூட்டை வீட்டுக்குத் திரும்பாது. போகிறவன்தான் மூட்டை இருக்கிற இடத்துக்கு வர வேண்டும். சுமந்த், உள்ளே வா."

சுமந்த் சேஷனைப் பார்த்தான். சேஷன் சுவரைப் பார்த்தார்.

"வாடா" என்றார் சேஷன், சுவரிடம். "கால் அலம்பிண்டு வா."

அவன் கால் கழுவிக்கொண்டு வந்து, பலகைமுன் அமர்ந்து, மல்லிகைச் சரத்தைத் திரையிலிருந்து மெல்ல ஒதுக்கினான். கோப்பு மறுக்கவில்லை. பெட்டி அவனைத் தடுக்கவில்லை. காலைமுதல் அரண்மனைக் காவலனைப்போல் முறைத்துக்கொண்டிருந்த அது, இப்போது வீட்டு வேலைக்காரனைப்போல் வழிவிட்டது. விரலால் தேய்க்கும் அந்தச் சின்னப் பட்டையில், அவன் அம்மாவனின் மேலுதட்டில் முதல் கோட்டை இழுத்தான்.

"இடது பக்கம் சரிஞ்சிருக்கு" என்றார் சேஷன் தோளுக்குப் பின்னாலிருந்து.

"மாமா, நேரமில்லை."

"அவனுக்கு இதுவரை இருந்த மீசையோட கம்பீரம் வேண்டாமா? இன்னும் கொஞ்சம் முறுக்கு. அப்படித்தான். மேலே தூக்கு. இன்னும்."

"மாமா, குழந்தைகள் சானலாக்கும்" என்றாள் பிரிஸில்லா.

"குழந்தைகளுக்குத்தான் மீசை தெரியும். பெரியவாளுக்கு என்ன தெரியும்?"

மீசை முடிந்தது. சேமித்தான்; சேமிக்கப்பட்டது. அந்தச் சொல்லைத் திரையில் கண்டபோது சுமந்தின் கண்கள் நனைந்தன. படம் ஒரே கோப்பாக உருண்டு திரண்டு முடிய மேலும் சிறிது நேரம் பிடித்தது. டில்லிக்கு அனுப்பும் பக்கம் திறந்தது. ஒரே ஒரு பொத்தான் மீதி.

சுமந்தின் விரல் அதன்மேல் போய், அங்கேயே உறைந்தது.

சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்றரை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரைவரை ராகு காலம். நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்றால் ராகு காலத்தில்தான் அனுப்ப வேண்டும், வேறு வழியில்லை. விபூதிக்காகத் தெரு கேட்கக் கத்தியவன், இப்போது சிறு பிள்ளையைப்போல் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பகவதிப்பெருமாளே கண்களை முழுதாகத் திறந்துவிட்டார்.

"என்னடா முழிக்கறே?" என்றாள் சாவித்ரி மாமி.

"ராகு காலம்மா."

"பைத்தியமே! நல்ல நேரத்துல புறப்பட்டாச்சே நேத்திக்கே. வழியில ராகு வந்தா என்ன, கேது வந்தா என்ன? பாதி வழியில எவனாவது வண்டியை நிறுத்துவானோ? பின்னே எதுக்குப் பரஸ்தானம் வெச்சேன்? அமுக்கு!"

அவன் தயங்கிய அந்த ஒரு கணத்தையும் மாமி பொறுக்கவில்லை. குனிந்து, அவன் விரலின்மேல் தன் விரலை வைத்து, பழுத்த சக்கையைத் தட்டுவதுபோல் ஓங்கித் தட்டினாள்.

நீலக்கோடு ஒன்று திரையின் இடப்பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி நகரத் தொடங்கியது. கால்வாசி. பாதி. முக்காலில் அது நின்றபோது சேஷன் சட்டென்று கற்பூரம் ஏற்றினார். கோடு மறுபடி நகர்ந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பிரிஸில்லா பிற்காலத்தில் பலமுறை வாதாடியிருக்கிறாள், ஆனால் முழு மனதோடு அல்ல.

நான்கு அடிக்கச் சற்று முன்பு சுமந்தின் போன் ஒலித்தது. டில்லி சானலிலிருந்து ஆர்யா, திருவனந்தபுரத்துப் பெண்தான். சுமந்த் ஸ்பீக்கரில் போட்டான்.

"சுமந்தே, படம் கிட்டி. ஆனா ஒரு காரியம் கேக்கணும். அம்மாவனோட மீசை இப்போ காதைத் தாண்டிப் போயிட்டுதே, அது எந்தா?"

சேஷன் கற்பூரத் தட்டைப் பார்வையிடுவதில் மும்முரமானார்.

"அது... ஒரு ஆலோசகர் சொன்னார்" என்றான் சுமந்த் ஈனக்குரலில்.

"இங்கே எங்க ஹெட்டு சிரிச்சுச் சிரிச்சுக் கசேரையிலேர்ந்து கீழே விழுந்துட்டார். ரெண்டாம் சீசன் உறப்பிச்சாச்சு, இனி மாத்தமில்லை. பக்ஷே அந்த ஆலோசகரும் கூட வேணுமாம். மீசை அவர் கையிலதான் வளரணும்னு சொல்றார்."

சாவித்ரி மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுமந்த் போனை வைத்தான். உடனே அனூப்பின் எண்ணைத் தேடி எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல், மணி அடிக்க விட்டுக் காத்திருந்தான்.

சேஷன் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டார். ஒரு முழு ஆண்டு தெருச் சங்கத்தில் கட்டிக்காத்த பகையை எப்படி மரியாதையாக இறக்கி வைப்பது என்று தேடுகிறவரைப்போல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"குரல் பதிவெல்லாம் சந்தி வேளைக்கு முன்னாலயே முடிச்சுக்கலாம்" என்றார் கடைசியில். "அம்மாவன் அலற எடம் மட்டும் சரியில்லை. அதை நான் ஒரு தடவை அலறிக் காட்டட்டுமா?"